குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வ மாட்டேன் என்கிறதா? ராமநாதபுரம் கடற்கரைத் தாய்மார்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று இந்தக் கரையில் எந்த ஊரில் பிள்ளை பிறந்தாலும் மூன்றாம் நாளுக்குள் அந்த வீட்டில் ஒரு பேச்சு எழும்: “இவளுக்குப் பால் இல்லை போலிருக்கே.” பெரும்பாலும் பால் இருக்கும். குழந்தை அதை எடுக்கும் விதத்தில்தான் கோளாறு இருக்கும். அதனால், பால் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் குழந்தையின் வாய் மார்பில் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். கீழே உள்ள பதில்கள் பலவும் அந்த ஒன்றையே சுற்றி வரும்.

பிறந்த குழந்தையை எவ்வளவு நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும்?

ஒரு மணி நேரத்துக்குள். சுகப்பிரசவத்தில் குழந்தையைத் துடைத்தவுடன் துணி சுற்றாமல் தாயின் வெறும் மார்பில் குப்புறக் கிடத்தி, இருவருக்கும் மேலாக ஒரு துணியைப் போர்த்த வேண்டும். அந்த முதல் மணி நேரத்தில் குழந்தை நன்றாக விழித்திருக்கும். கையை நக்கும், தலையைத் தூக்கும், மெல்ல மெல்ல ஊர்ந்து காம்பைத் தேடும். அதற்குப் பிறகு நீண்ட தூக்கத்துக்குப் போய்விடும். எடை போடுவதும் குளிப்பாட்டுவதும் காத்திருக்கலாம். சிசேரியன் என்றாலும் தாய் விழிப்பாக இருந்தால் மேசையிலேயே கன்னத்தோடு கன்னம் வைத்து, வார்டுக்கு வந்ததும் பால் கொடுக்கத் தொடங்கலாம். முதுகில் போட்ட மயக்க ஊசி பாலைக் கெடுக்காது.

முதல் மணி தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். வெறும் மார்பில் போட்டுப் பழக்குவது பத்தாம் நாளிலும் பலிக்கும்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைக்கும் சேனை வைக்கலாமா? சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால்?

வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் இரண்டு சங்கு உள்ளே போனால் குழந்தையின் பசி அடங்கிவிடும், மார்பைத் தேடாது. தேடிச் சப்பாவிட்டால் பால் ஊறுவதும் தள்ளிப்போகும். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து, கைகால் துவளும் அளவுக்கு நஞ்சை உண்டாக்கும். தெருவில் கறந்து தரும் கழுதைப்பால் காய்ச்சாத பால், கிருமித் தொற்றுக்கு நேர்வழி. உரைமருந்தும் வசம்பும் இந்த வயதில் தேவையே இல்லை.

பேரீச்சையை மென்று மேலண்ணத்தில் தொட்டு வைப்பது மார்க்க வழக்கமாக இருக்கும் வீடுகளில், முதலில் சீம்பால் குடிக்கட்டும். பிறகு, குழந்தையைப் பார்த்த மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழுவிய விரலால், நாரும் சக்கையும் இல்லாமல் ஈரம் படும் அளவோடு நிறுத்த வேண்டும். சளி, காய்ச்சல், வாய்ப்புண் உள்ளவர்கள் அதைச் செய்யக் கூடாது.

இரண்டு நாளாகச் சொட்டுச் சொட்டாக மஞ்சளாகத்தான் வருகிறது. இது எப்படிப் பத்தும்?

பத்தும். அதுதான் சீம்பால். பிறந்த குழந்தை முதல் 24 மணி நேரத்தில் ஒரு முறைக்குக் குடிப்பது 2 முதல் 10 மி.லி. வரைதான். இரண்டாம் நாள் 5 முதல் 15 மி.லி., மூன்றாம் நாள் 15 முதல் 30 மி.லி., நான்காம் நாள் 30 முதல் 60 மி.லி. தேக்கரண்டி ஒன்று 5 மி.லி. பிடிக்கும், அதை எடுத்து வைத்துப் பாருங்கள். முதல் நாள் குழந்தைக்கு ஒரு முறைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டியதில்லை என்பது கண்ணுக்கே தெரியும். கெட்டியாக, பிசுபிசுப்பாக இருக்கும் அந்தப் பாலில் நோயை எதிர்க்கும் புரதம் நிறைந்திருக்கிறது, கருமலத்தையும் அது வெளியேற்றும். அதைப் பீய்ச்சிக் கீழே ஊற்றுவது பெரிய இழப்பு.

பால் ‘இறங்குவது’, அதாவது நிறைய ஊறத் தொடங்குவது, பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். தலைச்சன் பிள்ளைக்கும், சிசேரியனுக்கும், தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தாலும், பிரசவத்தில் இரத்தம் நிறையப் போயிருந்தாலும் ஒரு நாள் தள்ளலாம்.

சரியாகக் கவ்வுவது என்றால் என்ன? காம்பைத்தானே குழந்தை சப்ப வேண்டும்?

இல்லை. குழப்பம் தொடங்கும் இடமே இதுதான். காம்பு வெறும் வாசல், பால் வரும் குழாய்கள் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்கு அடியில் வந்து கூடுகின்றன. குழந்தையின் நாக்கும் கீழ்த்தாடையும் அந்த இடத்தை அமுக்கி, வாய்க்குள் ஏற்படும் உறிஞ்சலோடு சேர்ந்து பாலை எடுக்கின்றன.

உங்கள் நாக்கு நுனியை மேல்பற்களுக்குப் பின்னால் வைத்து அண்ணத்தோடு பின்னே தடவிப் பாருங்கள். முன்பகுதி மேடு பள்ளமாக, எலும்பாக, கெட்டியாக இருக்கும். பின்னால் போகப் போக மெத்தென்று ஆகும். காம்பு அந்த மெத்தென்ற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் உரசாது, வலிக்காது, பாலும் தாராளமாக வரும். குழந்தை காம்பை மட்டும் பிடித்தால் அது முன்பக்க எலும்புக்கும் நாக்குக்கும் நடுவே நசுங்கும். காம்பு வெடிக்கும். பால் வெளியேறாததால் மார்பு கட்டும். வெளியேறாத பாலுக்கு ஏற்பச் சுரப்பும் குறையும். குழந்தை ஒரு மணி நேரம் சப்பிய பின்னும் அழும். ‘புண், பால்கட்டு, பால் பத்தவில்லை, எடை ஏறவில்லை’ என்று நான்கு வியாதியாகத் தெரிவதற்கு வேர் பல நேரம் இந்த ஒன்றேதான்.

அப்படியானால் எப்படிக் கவ்வ வைப்பது? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

வலது மார்பில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதுகைச் சுவரில் சாய்த்து உட்காருங்கள். இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை, மடியில் இன்னொன்று. தலையணை இல்லாவிட்டால் நாலைந்து பழைய சேலையை மடித்து அடுக்கினால் போதும், குழந்தை மார்பின் உயரத்துக்கு வர வேண்டும். நீங்கள் குனிந்து குழந்தையிடம் போகக் கூடாது.

இடது கையால் குழந்தையைப் பிடியுங்கள். உள்ளங்கை குழந்தையின் தோள்பட்டைகளுக்கு நடுவே, கட்டை விரலும் மற்ற விரல்களும் காதுகளுக்குக் கீழே கழுத்தின் இரு பக்கமும் இருக்கட்டும். பின்தலையில் கை வைத்து அமுக்காதீர்கள். அமுக்கினால் குழந்தை முதுகை வில்லாக வளைத்துப் பின்னால் தள்ளும். பார்க்கிறவர்கள் ‘பிள்ளைக்கு மார்பே பிடிக்கவில்லை’ என்பார்கள். தலையை அழுத்துவதுதான் அதற்குப் பிடிக்கவில்லை.

காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் இருக்கட்டும். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றைத் தொட்டிருக்க வேண்டும். குழந்தை மல்லாந்து கிடந்து கழுத்தை மட்டும் திருப்பிக் குடித்தால் விழுங்க முடியாது. நீங்களே தலையைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள், புரியும்.

வலது கையால் மார்பைக் கீழிருந்து தாங்குங்கள். நான்கு விரல் அடியில், கட்டை விரல் மேலே, எல்லாம் கருவட்டத்துக்கு வெளியே. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே காம்பைக் கத்தரிக்கோல் போலப் பிடிப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த இரண்டு விரலும் குழந்தையின் உதட்டுக்கு வேலி போட்டுவிடும், ஆழமாகக் கவ்வ முடியாது.

இப்போது காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும், வாய்க்கு நேராக அல்ல. காம்பால் மேலுதட்டை மெல்ல வருடுங்கள். குழந்தை தலையைச் சற்றே பின்னே சாய்த்து வாயைத் திறக்கும். கொஞ்சம் திறந்ததும் திணிக்காதீர்கள். கொட்டாவி விடுகிற அளவுக்கு அகலமாகத் திறந்து, நாக்கு கீழ் ஈறைத் தாண்டி முன்னே வரும் வரை காத்திருங்கள். அந்த நொடியில் குழந்தையை மார்புக்குச் சட்டென்று இழுத்து அணையுங்கள். முதலில் தாடை மார்பில் புதைய வேண்டும். கீழுதடு காம்பிலிருந்து தள்ளி, கருவட்டத்தின் அடிப்பகுதியில் பதிய வேண்டும். காம்பு கடைசியாக, மேலுதட்டுக்கு அடியில் வாய்க்குள் மடிந்து நுழையும்.

வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கழுவிய சுண்டு விரலை வாய் ஓரத்தில் ஈறுகளுக்கு நடுவே நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி முதலிலிருந்து. நான்கு ஐந்து முறை ஆகலாம், அதில் தவறில்லை. அப்படியே இழுத்தால் மட்டும் காம்புத் தோல் கிழியும்.

சரியாகப் பிடித்துவிட்டது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

தாடை மார்பில் ஒட்டியிருக்கும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து விரிந்திருக்கும். வாய் அகலமாக இருக்கும். கருவட்டம் வெளியே தெரிந்தால் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும். கன்னம் உருண்டையாக இருக்கும், குழி விழாது.

பிறகு காதைக் கொடுங்கள். தொடக்கத்தில் வேகவேகமாகச் சப்பும். பால் வாய்க்குள் ஓடத் தொடங்கியதும் தாளம் மாறும். ஆழமாக ஒன்று அல்லது இரண்டு இழுப்பு, ஒரு சின்ன நிறுத்தம், ‘க்ஹ’ என்று மெல்லிய விழுங்கல். ‘ப்ச் ப்ச்’ என்று முத்தமிடும் சத்தமோ நாக்கைச் சொடுக்கும் சத்தமோ வந்தால் பிடி நழுவுகிறது என்று அர்த்தம்.

குடித்து முடித்து விட்டதும் காம்பைப் பாருங்கள். சற்று நீண்டு, உருண்டையாக இருந்தால் நல்லது. சீவிய கோரைத் தண்டு போல ஒரு பக்கம் சரிந்தோ, குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தோ இருந்தால் வாய்க்குள் நசுங்கியிருக்கிறது.

‘தலைச்சன் பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ’ என்று அத்தை சொல்கிறார்களே?

முதல் சில நாள், கவ்விய உடனே அரை நிமிடம் சுருக்கென்று இருந்து அடங்கினால் அது இயல்பு. குடிக்கும் நேரம் முழுக்க வலித்தாலோ, வெடித்து இரத்தம் கசிந்தாலோ அது பொறுக்க வேண்டிய வலி அல்ல, திருத்த வேண்டிய பிடி. அத்தைமார்களும் அப்பத்தாக்களும் பொறுத்து வந்தது உண்மை. அவர்களுக்கு யாரும் காட்டிக்கொடுக்காததால்தான் பொறுத்தார்கள்.

வெடிப்புக்குக் கடைசியில் வரும் சில சொட்டுப் பாலைத் தடவிக் காற்றாட விடுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுவது தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், குளிக்கும்போது வெறும் தண்ணீர் போதும். குளிக்கும் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரை மார்பில் ஊற்றிக்கொள்ளுங்கள், உப்புக் காய்ந்து எரியாது. குறைவாக வலிக்கும் பக்கத்தில் முதலில் கொடுங்கள். இரத்தம் கலந்த பால் குழந்தைக்குத் தீங்கு செய்யாது.

பிடி சரியாக இருந்தும் எரிச்சல் தீராமல், காம்பு பளபளவென்று சிவந்து, குழந்தையின் நாக்கிலும் கன்ன உள்பக்கமும் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால், அது பூஞ்சைத் தொற்று. இருவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும்.

தரையில் காலை நீட்டி உட்கார்ந்துதான் கொடுக்கிறோம். சரியா?

முதுகுக்குச் சாய்மானமும் மடியில் உயரமும் இருந்தால் சரி. நீட்டிய காலில் குழந்தையைக் கிடத்திவிட்டு மேலே குனிவதுதான் தவறு. முதுகு போய்விடும், குழந்தைக்குக் காம்பு மட்டும் கிடைக்கும்.

சிசேரியன் தையல் இருக்கிறவர்களுக்குக் கக்கத்துப் பிடி வசதி. குழந்தையின் உடல் உங்கள் விலாப்பக்கம், கால்கள் முதுகுப்புறம், தலை மார்புக்கு முன்னால். வயிற்றில் பாரம் விழாது. மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கும், எடை குறைந்த குழந்தைக்கும், இரட்டைப் பிள்ளைக்கும் இதுவே உதவும். இரவில் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். குழந்தையும் ஒருக்களித்து உங்களைப் பார்த்திருக்க வேண்டும், மூக்கு மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடி தூங்கிவிடும் அளவுக்கு அசதி என்றால் குழந்தையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும்.

காம்பு உள்ளே போயிருக்கிறது. இதில் எப்படிக் குடிக்கும்?

குழந்தை கவ்வுவது மார்பை, அதனால் தட்டையான காம்பு ஒரு பெரிய தடை அல்ல. பால் இறங்கி மார்பு இறுகும் முன், முதல் இரண்டு நாளிலேயே பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உள்ளிழுத்த காம்புக்கு அரசு ஆஸ்பத்திரி நர்சுகள் செய்து காட்டும் எளிய கருவி ஒன்று உண்டு. புதிய 10 மி.லி. சிரிஞ்சு வாங்குங்கள், காம்பு பெரிதாக இருந்தால் 20 மி.லி. ஊசியை எடுத்துப் போட்டுவிட்டு, ஊசி பொருத்தும் முனைப் பக்கத்தைக் கூரான பிளேடால் நேராக வெட்டி எடுங்கள். உள்ளே இருக்கும் தண்டை உருவி, வெட்டிய பக்கத்திலிருந்து உள்ளே நுழைத்துவிடுங்கள். இப்போது சிரிஞ்சின் வழவழப்பான பழைய வாய்ப்பக்கம் காம்பின் மேல் உட்காரும். வெட்டிய முனை ஒருபோதும் தோலில் படக் கூடாது, கீறிவிடும். தண்டை மெல்ல இழுத்தால் காம்பு உள்ளே எழும்பி வரும். வலிக்காத அளவில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் பிடித்து, தண்டைச் சிறிது உள்ளே தள்ளிப் பிடியை விட்ட பிறகே எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் இதைச் செய்து, உடனே குழந்தையைப் போடுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது இதைச் செய்யத் தேவையில்லை.

நான்காம் நாள் மார்பு கல் மாதிரி ஆகிவிட்டது, குழந்தை வழுக்கி வழுக்கி விழுகிறது.

பாலும் நீரும் சேர்ந்து கருவட்டம் காற்றடைத்த பந்து போல இறுகியிருக்கும், வாய்க்குப் பிடி கிடைக்காது. இரு கை விரல் நுனிகளையும் காம்பை ஒட்டிச் சுற்றிலும் வைத்து, நெஞ்செலும்பை நோக்கி நேராக ஒரு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். விரலை இடம் மாற்றி இன்னொரு நிமிடம். நீர் பின்னே நகர்ந்து கருவட்டம் மெத்தென்று ஆகும், உடனே கவ்வ வையுங்கள்.

கையால் பீய்ச்ச வேண்டுமானால், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து 3 செ.மீ. பின்னால். முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்கி, விடுங்கள். காம்பை இழுப்பதோ தோல்மேல் விரலைத் தேய்ப்பதோ பால் தராது, வலிதான் தரும். விரலைச் சுற்றிச் சுற்றி மாற்றினால் எல்லாப் பக்கமும் காலியாகும். கொடுக்கும் முன் வெந்நீர்த் துணி சில நிமிடம், கொடுத்த பின் குளிர்ந்த துணி.

மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது பால் வற்றுவதற்காக நம் ஊர்களில் செய்துவந்த வழக்கம். பால்கட்டுக்காக அதைச் செய்தால் சுரப்பே குறையக்கூடும்.

ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பக்கத்திலும் பால் கொடுக்க வேண்டும், நிறுத்தினால் சீழ் கட்டும் அபாயம் கூடும்.

மார்பில் போட்டதும் தூங்கிவிடுகிறது.

சுற்றிய துணியை அவிழ்த்துவிடுங்கள். நம் புழுக்கத்தில் தொப்பியும் சாக்ஸும் போட்டுப் பொதிந்து வைத்தால் எந்தக் குழந்தையும் சொக்கும். வெறும் உடம்பாக மார்பில் அணைத்து, உள்ளங்காலையும் முதுகையும் வருடுங்கள். சப்புவது நின்றதும் மார்பைக் கையால் மெல்ல அமுக்கிப் பிடித்தால் பால் வாயில் வரும், மறுபடி விழுங்கத் தொடங்கும். நின்றால் விடுங்கள், மறுபடி அமுக்குங்கள். பிறந்த எடையை எட்டும் வரை பகலிலும் இரவிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்பிக் கொடுங்கள். எவ்வளவு எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால் அது தூக்கம் அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பால் போதுகிறதா என்று எப்படி அளப்பது?

உள்ளே போவதை அளக்க முடியாது, வெளியே வருவதை எண்ணலாம். முதல் நாள் ஒரு முறையாவது சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாறு நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல், நிறமில்லாமல் போக வேண்டும். மலம் தார் போன்ற கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறி, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாக வேண்டும். ஐந்தாம் நாளும் கறுப்பாகவே இருந்தால் பால் உள்ளே போகவில்லை.

தொட்டில் பக்கத்தில் ஒரு காலண்டர் தாளைத் தொங்கவிட்டு ஒவ்வொரு ஈரத் துணிக்கும் ஒரு கோடு போடுங்கள். டயப்பரை முதல் வாரம் தவிர்த்துத் துணி கட்டினால் எண்ணுவது எளிது.

எடை முதல் சில நாளில் குறையும். 7 சதவீதம் வரை பதறத் தேவையில்லை, 10 சதவீதத்தை நெருங்கினால் உடனே பிடியைப் பார்த்துத் திருத்தி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். 3 கிலோவில் பிறந்த பிள்ளைக்கு 10 சதவீதம் என்பது 300 கிராம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும்.

கொடுக்கும் முறை ஒரு நாளைக்கு 8 முதல் 12. மணி பார்க்காமல், கையை வாயில் வைப்பது, தலையைத் திருப்பித் தேடுவது ஆகியவற்றைப் பார்த்துக் கொடுங்கள். அழுகை பசியின் கடைசி அடையாளம், அழுகிற குழந்தையின் நாக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கும், கவ்வாது. முதலில் அணைத்து அமர்த்துங்கள்.

ராத்திரி முழுக்க மார்பை விடவே மாட்டேன் என்கிறது. பால் வற்றிவிட்டதா?

இரண்டாம் இரவிலும், மூன்று வாரம், ஆறு வாரம் வாக்கிலும் பிள்ளைகள் இப்படித் தொடர்ந்து கேட்பது வழக்கம். மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு ஊறும், குழந்தை நாளைக்கான பாலைக் கேட்டு வாங்குகிறது. இந்த இரவுகளில்தான் பால் டப்பா வீட்டுக்குள் வருகிறது. ஈரத் துணிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் டப்பா வேண்டாம். வீட்டு ஆட்கள் சமையலையும் துணி துவைப்பதையும் பார்த்துக்கொண்டால் அதுதான் அப்போது தேவைப்படும் மருந்து.

சித்திரை வெயில் கொளுத்துகிறது. குழந்தைக்கு ஒரு வாய் தண்ணீராவது தரலாமா?

ஆறு மாதம் முடியும் வரை தரக் கூடாது. தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர்தான். கத்திரி வெயிலில் குழந்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், அது தாகத்துக்கான குடி. தண்ணீர் வேண்டியது உங்களுக்கு. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்பு இருக்கட்டும். ‘பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு போடும்’ என்று அளந்து தருவது இந்த வெயிலில் தாயை மயங்கி விழ வைக்கும்.

கொஞ்ச நாளைக்குப் பால் பவுடர் கலந்து கொடுத்தால் என்ன?

மருத்துவக் காரணம் இருந்து மருத்துவர் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும், அதில் குற்ற உணர்வு வேண்டாம். இல்லாவிட்டால் தவிருங்கள், குறிப்பாக நம் கரையில். கிணற்றிலும் அடிபம்பிலும் வரும் தண்ணீர் பல ஊர்களில் உவர். காய்ச்சினால் கிருமி சாகும், உப்புப் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். பச்சிளம் பிள்ளையின் சிறுநீரகத்தால் அந்த உப்பைத் தாங்க முடியாது. சிக்கனத்துக்காகப் பவுடரைக் குறைத்து நீர்க்கக் கலப்பதும், ‘கெட்டியாக இருந்தால் சத்து’ என்று கூட்டிப் போடுவதும் இரண்டுமே ஆபத்து. கொடுக்க நேர்ந்தால் காவிரிக் குடிநீர் அல்லது சுத்திகரித்த நல்ல தண்ணீரைக் காய்ச்சி, டப்பாவில் உள்ள கரண்டியால், போட்டிருக்கும் அளவுப்படியே கலக்குங்கள்.

குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்வதும் தாய்மாருக்கு இலவசமாகத் தருவதும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். யாராவது இலவச டப்பா நீட்டினால் வாங்காதீர்கள்.

கவ்வப் பழகும் வரை பாலை எதில் கொடுப்பது? புட்டியா, சங்கா?

புட்டி வேண்டாம். ரப்பர் காம்பில் வாயை அகலத் திறக்காமலே பால் கொட்டும், அந்தப் பழக்கத்தோடு மார்புக்கு வந்தால் குறுகிய வாயால் காம்பை மட்டும் பிடிக்கும். பீய்ச்சிய பாலை, மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையில் கொடுங்கள். கடலில் எடுத்த சங்கில் பால் புகட்டும் வழக்கம் இந்தக் கரைக்குப் பழையது. ஆனால் சங்கின் உட்சுருளுக்குள் விரலும் பிரஷ்ஷும் எட்டாது, தங்கிய பால் அங்கேயே புளிக்கும். வாய் திறந்த எவர்சில்வர் சங்கோ பாலாடையோ நல்லது. சோப்புப் போட்டுத் தேய்த்து, 10 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

குழந்தை விழித்திருக்க வேண்டும், தலை உயர்ந்திருக்க வேண்டும். பாலாடை மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்துச் சாய்த்தால் குழந்தையே நக்கி எடுக்கும். படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, ஊற்றக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

பால் சுரக்க என்ன சாப்பிடலாம்? பத்தியம் என்று இரசம் சோறு மட்டும் தருகிறார்கள்.

சுறாப் புட்டு, காரல் குழம்பு, பூண்டு, முருங்கைக் கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். சுறாவில் சின்னப் பால்சுறா போதும். பெரிய சுறாவின் சதையில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் கிராக்கியானால் நாட்டுப்படகு கொண்டுவரும் சாளை, நெத்திலி, இல்லையேல் முட்டை, பருப்பு, கடலை. ஆனால் எந்த மீனும் கீரையும் தவறான பிடியை ஈடுகட்டாது. பால் ஊறுவது குழந்தை எடுப்பதைப் பொறுத்தது. ஆஸ்பத்திரியில் தந்த இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு தினம் 400 யூனிட் கேட்டு வாங்குங்கள்.

பாசி எடுக்கவோ கருவாட்டுக் கொட்டகைக்கோ திரும்பப் போக வேண்டும். என்ன செய்வது?

முடிந்தவரை முதல் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். போகும் நாளில் கிளம்பும் முன் ஒரு முறை கொடுத்துவிட்டு, பாலைப் பீய்ச்சி மூடியுள்ள எவர்சில்வர் டம்ளரில் வையுங்கள். தகரக் கூரை வெக்கையில் வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஈர மணலில் பதித்த பானை அருகே நிழலில் இருக்கட்டும். பிரிட்ஜ் இருந்தால் ஒரு நாளுக்குள் கொடுத்துத் தீர்த்துவிடலாம். அடுப்பில் சுடவைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் டம்ளரை வைத்துக் குளிர் போக்கினால் போதும். கடலுக்குள் மூன்று நான்கு மணி நேரம் ஆகிவிட்டால் மார்பு இறுகும், கரையேறியதும் சிறிது பீய்ச்சிவிடுங்கள். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுக் கொடுக்கலாம். ‘சூட்டுப்பால்’ என்று எதுவும் இல்லை, வெயிலில் நின்ற தாயின் பால் கெடாது. டவுனுக்குப் போகும் நாளில் பேருந்து நிலையத்தில் பாலூட்டும் அறையைக் கேளுங்கள், தமிழ்நாட்டில் 2015 முதல் இவை இருக்கின்றன.

மஞ்சள் காமாலை என்கிறார்கள். தாய்ப்பாலை நிறுத்தணுமா?

நிறுத்தக் கூடாது, கூட்டிக் கொடுக்க வேண்டும். மஞ்சள் மலத்தோடு வெளியேறும், பால் போனால்தான் மலம் போகும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ காலை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

குழந்தை குடிப்பதை நிறுத்திவிட்டால். எழுப்பியும் எழாவிட்டால். நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால். உடம்பு 37.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டாலோ, வயிறும் பாதமும் சில்லிட்டாலோ. வலிப்பு வந்தால். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 8 மணி நேரமாகத் துணி நனையாவிட்டாலோ, துணியில் செங்கல் நிறக் கறை படிந்தாலோ. பச்சையாக வாந்தி எடுத்தால்.

108ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104 உண்டு. பிடியைப் பார்த்துத் திருத்த உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அவர் வரும் நேரம் குழந்தை பசியோடு இருப்பது நல்லது, கவ்வுவதை நேரில் பார்த்தால்தான் திருத்த முடியும். ஆம்புலன்சில் போகும்போது குழந்தையைத் தனியே துணியில் சுற்றிப் பிடிக்காமல், தாயின் சேலைக்குள் வெறும் மார்போடு அணைத்து, தலையை மூடிக் கொண்டுபோங்கள். விழுங்க முடிகிற குழந்தைக்கு வழியிலும் பால் கொடுக்கலாம்.